பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பவர் ஏற்றலாமா? கேட்டவர்களுக்குப் பதில்

உச்சிப்புளிப் பக்கம் ஒரு தோப்பில் கிடந்த பழைய டூ ஸ்ட்ரோக் கோல்ஃப் கார்ட்டைப் பிரித்து ஓட வைத்தேன். அதைச் சொன்ன நாளிலிருந்து கேள்வி மேல் கேள்வி. கார்ட் வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர்தான், மற்றவர்கள் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கும் வள்ளத்து மோட்டாரும் வைத்திருப்பவர்கள். இன்ஜின் எதுவானாலும் உள்ளே நடக்கிற வேலை ஒன்றுதான், அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகவே எழுதிவிடுகிறேன்.

உச்சிப்புளியிலிருந்து, தோப்புக்காரர்: அண்ணே, தேங்காய் ஏற்ற ஒரு கோல்ஃப் கார்ட் வைத்திருக்கிறேன். மணலில் நாலு மூட்டை வைத்தால் இழுக்கவில்லை. சிலிண்டரில் போர்ட் வேலை செய்தால் பவர் ஏறுமா?

தம்பி, போர்ட் என்பது கலவை உள்ளே வரவும் புகை வெளியே போகவும் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஓட்டை. அதைப் பெரிதாக்க இப்போதைக்கு அரத்தைக் கையில் எடுக்க வேண்டாம். வண்டி இன்று இழுக்காமல் இருப்பதற்குப் போர்ட் சின்னதாக இருப்பது காரணம் இல்லை, புதிதாக ஓடியபோதும் போர்ட் இதே அளவில்தான் இருந்தது. இடையில் எது கெட்டது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இன்ஜின் சூடாக இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்து வைத்து கம்ப்ரஷன் பாருங்கள். 120 பிஎஸ்ஐ-யை ஒட்டி இருந்தால் நல்லது, 100-க்குக் கீழே போனால் பிஸ்டன் ரிங்கிலும் சிலிண்டர் உட்சுவரிலும் வேலை இருக்கிறது. ஆனால் பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். டூ ஸ்ட்ரோக்கில் கீழே இருக்கிற கிராங்க் கேஸும் ஒரு பம்ப்தான், பெட்ரோலும் காற்றும் அங்கே அழுத்தப்பட்டுத்தான் மேலே போகின்றன. வருடக்கணக்கில் சும்மா கிடந்த வண்டியில் கிராங்க் ஆயில் சீல் காய்ந்து கட்டியாகியிருக்கும், நம் உப்புக் காற்றில் சீல் உட்காருகிற தண்டே புள்ளி புள்ளியாக அரித்திருக்கும். அந்த வழியே வெளிக்காற்று உள்ளே வந்தால் கலவை மெலிந்துபோகும் (காற்று கூடி பெட்ரோல் குறையும்), இழுவை குறையும், கடைசியில் பிஸ்டனில் ஓட்டை விழும்.

இதைக் கண்டுபிடிக்க நான் வைத்திருப்பது ரத்த அழுத்தம் பார்க்கிற பழைய கருவி. கைப்பட்டையைக் கழற்றிவிட்டு ட்யூப்பை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். கார்பரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் சைக்கிள் ட்யூப் ரப்பர் வைத்துத் தகடு போட்டு அடைத்துவிட்டு, பிஸ்டனைக் கீழ் முனைக்கு இறக்கி வைத்து, பிளக் ஓட்டை வழியாகக் கருவியின் முள் 250 காட்டும் வரை காற்று ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஐந்து நிமிடம் முள் ஏறக்குறைய அங்கேயே நின்றால் சீல் நன்றாக இருக்கிறது. இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், நுரை வருகிற இடத்தில்தான் உங்கள் பவர் வெளியே போகிறது.

அப்புறம் சைலன்சர். நான் பிரித்த வண்டியில் புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் போர்ட்டில் கரி அடைத்து, என் சுண்டுவிரல்கூட உள்ளே போகவில்லை. இரும்பு சைலன்சரைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறப்போடலாம் (கையுறை, கண்ணாடி கட்டாயம்), ஆனால் அலுமினிய சிலிண்டரிலோ அதன் மேல் மூடியான ஹெட்டிலோ அது ஒரு சொட்டுகூடப் படக் கூடாது, அரித்துத் தின்றுவிடும். அங்கே மரக்குச்சியால் சுரண்டுவதுதான் வழி. கார்ட் இன்ஜினுக்குக் காற்று அடிக்கிற ஃபேனும் தகட்டு மூடியும் உண்டு, அதற்குள் தென்னஞ்சோறும் மணலும் அடைந்திருந்தால் அதையும் எடுங்கள். பின்சக்கர பிரேக் இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். பெல்ட்டின் அகலத்தையும் அளந்து பாருங்கள், தேய்ந்து ஒல்லியான பெல்ட் புல்லியில் சரியாக உட்காராது, இன்ஜின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மணலில் வழுக்கும்.

இத்தனையும் முடித்த பிறகு நாலு மூட்டை இழுக்கும் என்று நம்புகிறேன். அதற்கு மேலும் வேண்டுமென்றால் ஹெட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது. பிளக் ஓட்டை வழியாக ஈயக் கம்பியைச் சிலிண்டர் சுவர் வரை விட்டு, இன்ஜினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய நுனியை வெர்னியரில் அளந்து பாருங்கள். பிஸ்டன் பின் இருக்கிற திசையில் இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் லேத்தில் கொடுத்து ஒரு மில்லிமீட்டருக்குக் கொண்டுவரலாம். 0.8-க்குக் கீழே போகாதீர்கள். மேல்வேகம் ஏறாது, கீழ் இழுவை கூடுவது நன்றாகத் தெரியும். தோப்பு வேலைக்கு வேண்டியது அதுதானே.

கீழக்கரையிலிருந்து: காக்கா, ஆர்எக்ஸ் 100-க்குப் போடுகிற குண்டு சைலன்சரை கார்ட்டில் வெல்டு வைத்து மாட்டினால் பவர் வருமா? சத்தமும் நன்றாக இருக்கும்.

சத்தம் வரும் தம்பி, பவர் போய்விடும். அந்தக் குண்டுக் குழாய் ஏன் வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் எங்கே வேலை செய்யாது என்பதும் தெரிந்துவிடும்.

புகை வெளியே போகும்போது ஓர் அழுத்த அலையும் குழாயில் ஓடுகிறது. குழாய் விரிகிற இடத்தில் அந்த அலை உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து சிலிண்டரைக் காலி செய்கிறது. மறுபடி குழாய் சுருங்குகிற இடத்தில் அழுத்த அலையாகத் திரும்பி, வெளியே தப்பி வந்த புதுக் கலவையைப் போர்ட் மூடுவதற்குள் உள்ளே தள்ளிவிடுகிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் 1950-களில் பொறியாளர் வால்டர் காடன் இதைப் பாடுபட்டுச் செம்மைப்படுத்தினார். அவருடைய பந்தய பைக் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் மேற்கே தப்பிப் போய் சுசுகியில் சேர்ந்தார், அதோடு இந்த வித்தையும் ஜப்பானுக்குப் போனது, அடுத்த வருடமே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. நம் ஊர்ச் சாலையில் கேட்கிற அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். அலை போய்த் திரும்புகிற நேரமும் போர்ட் திறந்திருக்கிற நேரமும் ஒத்துப்போக வேண்டும். கிராங்க் ஒரு சுற்று, அதாவது 360 டிகிரி, சுற்றும்போது எக்ஸாஸ்ட் போர்ட் எத்தனை டிகிரி திறந்திருக்கிறதோ அதை 43,180-ஆல் பெருக்கி, எந்த ஆர்பிஎம்-இல் (நிமிடத்துக்கு எத்தனை சுற்றில்) பவர் வேண்டுமோ அதனால் வகுத்தால், பிஸ்டன் முகத்திலிருந்து குழாய் சுருங்கி முடிகிற இடம் வரை உள்ள நீளம் மில்லிமீட்டரில் வரும். சூடான புகையில் ஒலி விநாடிக்கு 518 மீட்டர் போகிறது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. 175 டிகிரி, 8,000 ஆர்பிஎம் என்றால் 945 மில்லிமீட்டர், பைக்கில் அடங்கிவிடும். அதுவே கார்ட்டுக்கு 160 டிகிரி, 5,000 ஆர்பிஎம் என்று போட்டுப் பாருங்கள், 1,382 வரும். கிட்டத்தட்ட நாலரை அடிக் குழாய். சீட்டுக்கு அடியில் எங்கே வைப்பீர்கள்? பைக் குழாயை அப்படியே மாட்டினால் அலை முந்தித் திரும்பி, கார்ட் ஓடுகிற ஆர்பிஎம்-இல் உதவுவதற்குப் பதிலாகக் கெடுக்கும். கம்பெனி சைலன்சரையே சுத்தம் செய்து போடுங்கள்.

பரமக்குடியிலிருந்து: அண்ணா, ஆர்எக்ஸ் 100-இல் எக்ஸாஸ்ட் போர்ட்டை எவ்வளவு உயர்த்தலாம்? மூன்று மில்லிமீட்டர் என்று ஒருவர் சொல்கிறார்.

மூன்று மில்லிமீட்டரா! அந்த இன்ஜின் 50-க்கு 50 மில்லிமீட்டர், போரும் (சிலிண்டரின் அகலம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) ஒரே அளவு, 98 சிசி. இவ்வளவு சின்ன ஸ்ட்ரோக்கில் அரை மில்லிமீட்டர்கூட டிகிரியில் பெரிதாகத் தெரியும். டிகிரி குறித்த வட்டத் தகட்டை மேக்னெட் பக்கம் மாட்டி இப்போது எவ்வளவு என்று அளக்காமல் யாரும் மேலே கை வைக்கக் கூடாது. ரோட்டு வண்டிக்கு 175-லிருந்து 180 டிகிரிக்குள் நிறுத்துங்கள். 190-க்கு மேல் ரேஸ் வண்டி, பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஓட்டவே முடியாது.

போர்ட்டை அகலப்படுத்துவது இன்னும் ஆபத்து. தொழில் பழகிய காலத்தில் ஒரு நண்பரின் சிலிண்டரில் ஆசைப்பட்டு அகலத்தை இழுத்துவிட்டேன், போர்ட்டின் விளிம்பையும் மழுக்கவில்லை. இருநூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை, ரிங் போர்ட்டில் பிதுங்கி மாட்டி உடைந்து சிலிண்டரையே கிழித்துவிட்டது. நடு ரோட்டில் பின்சக்கரம் பூட்டி அவர் விழுந்தார், கை முறிந்தது. இன்றுவரை அரத்தை எடுக்கும்போதெல்லாம் அந்தக் கை ஞாபகம் வரும். ஒற்றைப் போர்ட் என்றால் போர் அளவில் அறுபது சதவீதத்தைத் தாண்டாதீர்கள், மேல் விளிம்பை நேர்கோடாக விடாமல் வளைவாக வையுங்கள், விளிம்பைக் கட்டாயம் மழுக்குங்கள்.

இன்னொன்று. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவில் வரும். 1996-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி, நல்ல சிலிண்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. போர்ட்டைக் கம்பெனி அளவிலேயே விட்டுவிட்டு ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போடுவது) மட்டும் போட்டு வைத்துக்கொண்டால் உங்கள் பிள்ளையும் ஓட்டுவான்.

பாம்பனிலிருந்து, வள்ளம் வைத்திருப்பவர்: அண்ணே, கச்சான் காற்றில் எதிர்த்து ஓட முடியவில்லை. அவுட்போர்டு ஹெட்டைச் சீவலாமா?

மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டாரா? அப்படியென்றால் தொடவே தொடாதீர்கள். மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் (அழுத்தத்தில் தட்டாமல் எரிகிற தன்மை) மிகக் குறைவு, அதனால்தான் கம்ப்ரஷனைக் கம்பெனியே தாழ்த்தி வைத்திருக்கிறது. சீவினால் கம்ப்ரஷன் ஏறித் தட்டும், கடலுக்குள் பிஸ்டன் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டியது ப்ரொப்பல்லர். வலையும் ஆளும் ஏற்றி முழு த்ராட்டிலில் இன்ஜின் அதற்குரிய ஆர்பிஎம் தொடவில்லை என்றால் பிட்ச் (ப்ரொப்பல்லர் ஒரு சுற்றில் முன்னேறுகிற தூரம்) அதிகம், ஓர் அளவு குறைத்துப் போடுங்கள். கரைக்கு வரும் முன் பெட்ரோலுக்கு மாற்றி அணையுங்கள், வந்ததும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பை வெளியேற்றுங்கள்.

மண்டபத்திலிருந்து: தம்பி, பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்தால் போதும் என்கிறார்கள். பாதுகாப்புக்கு நான் 50 மில்லி ஊற்றுகிறேன். சரிதானே?

ஐயா, நல்லெண்ணத்தில்தான் செய்கிறீர்கள், ஆனால் இன்ஜின் வேறுவிதமாகப் பார்க்கிறது. கார்பரேட்டரில் பெட்ரோல் வருகிற சிறு துளைதான் ஜெட், அதன் வழியாகப் போகிற அளவு மாறாது. அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும், கலவை மெலியும், சூடு ஏறும். பழைய கார்ட்டுக்கு நல்ல 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் லிட்டருக்கு 25 மில்லி, ரீபோர் போட்ட புதிதில் 33 மில்லி. மாற்றினால் பிளக்கைப் பார்த்து ஜெட்டையும் சரி செய்ய வேண்டும். பிளக் வெளிர் பழுப்பாக இருந்தால் நிம்மதி. வெள்ளை வெளேரென்று இருந்தால் அன்றைக்கே பெரிய ஜெட் போடுங்கள்.

ஆயிலைவிட எனக்குக் கவலை இப்போதைய பெட்ரோல். பங்க்கில் 20 சதவீதம் எத்தனால் கலந்துதான் வருகிறது. ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் கலவை மெலிந்துதான் போகும். நம் கரையில் இன்னொரு கேடும் உண்டு. எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகத் தங்கிவிடும். 2டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கின் அடியிலிருந்துதானே குழாய் போகிறது? அப்போது இன்ஜினுக்குப் போவது ஆயிலே இல்லாத சரக்கு, கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வாடைக் காலத்தில் மாதக்கணக்கில் நிற்கப்போகிற வண்டி என்றால் டேங்கையும் கார்பரேட்டரையும் காலி செய்து வையுங்கள். கலந்த பெட்ரோலை இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பழைய ரப்பர் குழாயையும் மாற்றிவிடுங்கள்.

தொண்டியிலிருந்து: என் கார்ட்டில் ரிவர்ஸ் கியரே இல்லை, ஆனால் பின்னால் போகிறது. எப்படி அண்ணே?

இன்ஜினே தலைகீழாகச் சுற்றுகிறது தம்பி. டூ ஸ்ட்ரோக்கில் போர்ட் திறப்பதும் மூடுவதும் பிஸ்டனின் விளிம்பால், அதற்கு எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான். ஸ்டார்ட்டரை எதிர்த்திசையில் சுற்றி, ஸ்பார்க் வரும் நேரத்தையும் அந்தத் திசைக்கு மாற்றிவிட்டால் போதும். ஹார்லி டேவிட்சன் 1963-லிருந்து 1982 வரை கோல்ஃப் கார்ட் செய்தது, அதன் 245 சிசி டூ ஸ்ட்ரோக்கிலும் இந்த ஏற்பாடு உண்டு. உங்கள் வண்டியில் ஸ்பார்க் வரும் நேரத்தை (டைமிங்) முன்னே தள்ள ஆசைப்பட்டால் இரண்டு திசையிலும் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், ஒன்று நன்றாகி மற்றொன்று உதைக்கும்.

இராமேஸ்வரத்திலிருந்து: ஏர் ஃபில்டரைக் கழற்றினால் பிக்கப் கூடுமா?

தனுஷ்கோடி ரோட்டில் மணல் பறக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா தம்பி? வேண்டாம். ஸ்பாஞ்சைக் கழுவி, ஃபில்டர் ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டுங்கள்.

சாயல்குடியிலிருந்து: வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரை எடுத்துவிட்டுக் கார்ட்டை 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட முடியுமா?

முடியும், நிறுத்தத்தான் முடியாது. பழைய கார்ட்டுகளில் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் டிரம் பிரேக், 20, 25 கிலோமீட்டர் வேகத்துக்குக் கணக்குப் போட்டது. பிள்ளைகள் ஏறி உட்காருகிற வண்டி, ஒரு திருப்பத்தில் கவிழ்ந்துவிடும். கவர்னரைக் கழற்றச் சொல்லி என்னிடம் வருகிறவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை.

திருப்புல்லாணியிலிருந்து: ரீபோர் போட்டு நேற்றுதான் வந்தது. எத்தனை நாள் மெதுவாக ஓட்ட வேண்டும்?

முதல் நாள் மூன்று முறை ஸ்டார்ட் செய்து, சூடானதும் அணைத்து, முழுக்க ஆறவிடுங்கள். ஆறிய பிறகு ஹெட் போல்ட்டை ஒருமுறை சரியான இறுக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் நாலு டேங்க் பெட்ரோல் வரை பாதி ஆக்ஸிலரேட்டர், மூட்டை ஏற்ற வேண்டாம். ஒரே வேகத்தில் ஓட்டாமல் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். நாலாவது டேங்க் முடிந்ததும் பிளக்கைக் கழற்றி நிறத்தை எனக்கு எழுதுங்கள், ஜெட் அளவை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.