ட்ரவுட் குஞ்சு வலை போட்டதும் மயங்குதா? எண்ணெய மாத்துங்க

கேள்வி: ஹிமாச்சல்ல குலு பக்கம் ஒரு ட்ரவுட் (குளிர் தண்ணி மீன்) பண்ணைய பாத்துக்கிறேன் சார். தண்ணி 11 டிகிரி, ஆக்சிஜன் செக் பண்ணிட்டேன், நல்லாத்தான் இருக்கு. மஞ்சக்கரு பை கரையுற வரைக்கும் குஞ்சுங்க ஜம்முனு இருந்துச்சு. அப்புறம் நாங்களே அரைச்ச தீவனம்தான்: புண்ணாக்கு, சூரியகாந்தி எண்ணெய், மீன் தூள் விலை ஜாஸ்திங்கிறதால கொஞ்சமா. இப்ப மூணு மாசம் ஆச்சு, கிரேடிங்குக்கு, அதான் சைஸ் வாரியா பிரிக்க, வலைய போட்டா தறிகெட்டு ஓடி அப்படியே மல்லாந்துடுது, கொஞ்ச நேரம் கழிச்சு பாதி எழுந்துக்குது. வாலும் அரிச்ச மாதிரி இருக்கு. நோயா சார்?

பதில்: தம்பி, மருந்து எதையும் வாங்கி ஊத்திடாதீங்க. நீங்க சொல்ற அந்த மயக்கமும் வால் அரிப்பும் சேர்ந்து வந்தா தீவனத்துல ஒமேகா 3ங்கிற கொழுப்பு பத்தலைங்கிறதுதான் என்னோட முதல் சந்தேகம், ட்ரவுட்ல இது ரொம்ப நாளா தெரிஞ்ச அறிகுறி. செவுளையும் ஒரு தடவ பாத்துருங்க, ஒட்டுண்ணி இருந்தா அது வேற வைத்தியம்.

மார்கழியில தேங்காயெண்ணெய் பாட்டில்ல உறைஞ்சு போகுதுல்ல, குளிர் தண்ணி மீனோட செல் சவ்வுல உள்ள கொழுப்பு அப்படி இறுகக்கூடாது, அதுக்குத்தான் குளிர்லயும் இளகியே இருக்கிற ஒமேகா 3 கொழுப்பு வேணும், அதுலயும் டிஹெச்ஏங்கிற ஒரு வகை கண்ணுக்கும் மூளைக்கும் போய் சேருது, குஞ்சுக்கு முதல்ல வளர்றதே அது ரெண்டும்தான். இது அத்தனையும் தாய் மீன் முட்டையிலேயே வச்சு அனுப்பிடும், அதனாலதான் உங்களுக்கு ஆரம்பத்துல பிரச்சனை தெரியல. அந்த சேமிப்பு தீர்ந்ததும் தீவனத்துல இருந்து வரணும், சூரியகாந்தில இருக்கிறது ஒமேகா 6, ஒமேகா 3 கிட்டத்தட்ட கிடையாது. எவ்வளவு ஊத்தினாலும் வராது.

கிலோ தீவனத்துக்கு 50 கிராம் மீன் எண்ணெய், அந்த அளவுக்கு சூரியகாந்திய குறைச்சுருங்க. உடனே கிடைக்கலைன்னா ஆளி விதை எண்ணெய், அங்க அல்சின்னு கேட்டா தருவாங்க, அதே 50 கிராம் போடுங்க. ட்ரவுட் அதை வச்சு டிஹெச்ஏவ தானே ஓரளவு தயாரிச்சுக்கும், காட், ஹாலிபட் மாதிரி கடல் மீனுக்கு இந்த வழி சரிவராது. ரெண்டு எண்ணெயும் சீக்கிரம் சிக்கு வாடை அடிச்சிரும், இருட்டுல குளிர்ச்சியா வைங்க, கொஞ்சமா வாங்கி கொஞ்சமா கலக்குங்க, வாடை வந்தத போட்டா ஈரல் கெட்டு செவுள் வெளுத்துரும், இது நீங்க இப்ப படுறத விட மோசம். வைட்டமின் ஈ கட்டாயம் சேருங்க.

தெம்பு வர்ற வரைக்கும் கிரேடிங்க தள்ளிப் போடுங்க, பயந்து ஓடுறதுதான் அதுங்கள கொல்லுது.

அடுத்த பேட்சுக்கு, முதல் தீவனத்துலயே சோயா லெசித்தின் 2ல இருந்து 4 சதம் போடுங்க. சின்னக் குஞ்சுக்கு பாஸ்போலிப்பிட், அதாவது லெசித்தின்ல இருக்கிற கொழுப்பு, தானா போதுமான அளவு பண்ணத் தெரியாது, அது இல்லாம தின்ன கொழுப்பு குடல் சுவத்துலயே தேங்கி நின்னுடும். தாய் மீனுக்கும் இதே மீன் எண்ணெய் தீவனம்தான் கொடுக்கணும், முட்டைக்குள்ள கொழுப்பு ஏர்றது பல மாசம் நடக்கிற வேலை, சீசன் நெருங்குறப்ப கொடுத்தா லேட்டு, கோடையிலயே ஆரம்பிச்சுருங்க.