பேட்டி கொடுத்தது கணவர், பதில் சொல்ல வேண்டியது கடை

கேள்வி: நியூ ஜெர்சியில் நானும் என் கணவரும் கல்யாண மேடை அலங்காரம், கேட்டரிங், அழைப்பிதழ் மூன்றையும் சேர்த்துத் தொழிலாக நடத்துகிறோம். பங்கு ஆளுக்குப் பாதி. 19 பேர் வேலை செய்கிறார்கள். போன மாதம் ஒரு சமூகப் பத்திரிகைப் பேட்டியில், தன்பாலினத் திருமணத்தைத் தன் மத நம்பிக்கை ஏற்கவில்லை என்று கணவர் சொன்னார். அதைப் படித்து மூன்று குடும்பங்கள் ஆர்டரை ரத்து செய்துவிட்டன. நாங்கள் திறக்கவிருக்கும் இரண்டாவது கிளைக்குப் பெர்மிட் கிடைப்பது கஷ்டம் என்று நகர மன்ற உறுப்பினர் ஒருவர் வெளிப்படையாகப் பேசுகிறார். எங்கள் அழைப்பிதழ் டிசைனர் கணவரிடமே வந்து, "நீங்கள் சொன்னது தப்பு" என்றார். அவரை வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்கிறார் கணவர். இதற்கிடையில் இரண்டு பெண்கள் தங்கள் கல்யாண வரவேற்புக்கு ஃபோன் செய்து விலை கேட்டிருக்கிறார்கள். "மறுக்கலாம், உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்கிறார் டெக்சாஸில் இருக்கும் கணவரின் நண்பர். வியாபாரிக்குக் கருத்துச் சுதந்திரம் இல்லையா என்று இவர் கேட்கிறார். எனக்கு அவர் கருத்தில் உடன்பாடு இல்லை. ஆனாலும் அவரை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவருக்குக் கருத்துச் சுதந்திரம் இருக்கிறது, முழுதாகவே இருக்கிறது. ஆனால் அது அரசாங்கத்திடமிருந்து அவரைக் காப்பாற்றும் உரிமை. ஆர்டரை ரத்து செய்யும் வாடிக்கையாளரிடமிருந்து அது காப்பாற்றாது. கடைக்கு வருகிறவரைத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தையும் தராது. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வீட்டில் சண்டை வருகிறது. அவசரமானது அந்த ஃபோன், அதிலிருந்து தொடங்குவோம்.

அந்தப் பெண்களுக்கு இன்றே திரும்ப அழையுங்கள். மற்றவர்களுக்குத் தரும் அதே விலைப்பட்டியல், அதே அட்வான்ஸ், அதே தேதி நடைமுறை. நியூ ஜெர்சியின் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் பொதுமக்களுக்குச் சேவை தரும் கடைகள் அடங்கும், பாலியல் நாட்டமும் அதில் பல ஆண்டுகளாக இருக்கிறது. மறுத்தால், மாநிலக் குடிமை உரிமைகள் பிரிவில் 180 நாளுக்குள் அவர்கள் புகார் தரலாம். நேரே நீதிமன்றம் போக இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. முதல் மீறலுக்கு அபராதமே 10,000 டாலர் வரை போகலாம். மன உளைச்சலுக்கான இழப்பீடும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டணமும் அதற்கு மேல். "மறுக்கிறேன்" என்று யாரும் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. திரும்ப அழைக்காமல் இழுத்தடிப்பது, "அந்தத் தேதி நிரம்பிவிட்டது" என்று பொய் சொல்வது, விலையை ஏற்றிச் சொல்வது எல்லாமே மறுப்பாகத்தான் கணக்காகும். பேட்டி அச்சில் இருப்பதால், சாதாரண மறதியைக்கூட யாரும் மறதி என்று நம்பமாட்டார்கள்.

டெக்சாஸ் நண்பர் சொல்வது பாதி உண்மை. 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமை உரிமைச் சட்டம் உணவகம், ஓட்டல் போன்ற இடங்களைப் பற்றிப் பேசும் பகுதியில் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு என்றுதான் சொல்கிறது. ஆகவே இந்த விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். டெக்சாஸில் மாநில அளவில் இப்படி ஒரு சட்டம் இல்லை. அங்கே ஆஸ்டின், டாலஸ் போன்ற நகரங்கள்தான் தனியாகச் சட்டம் போட்டிருக்கின்றன. அவருடைய அனுபவம் உங்களுக்கு உதவாது.

அவர் குறிப்பிடும் தீர்ப்பு, 2023 ஜூன் 30 அன்று 303 கிரியேட்டிவ் வழக்கில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். கொலராடோவைச் சேர்ந்த வலைத்தள வடிவமைப்பாளர் ஒருவர், தன் மனம் ஏற்காத செய்தியைத் தன் கையால் உருவாக்கும்படி மாநிலம் கட்டாயப்படுத்தக் கூடாது என்று வாதிட்டு 6-க்கு 3 என்ற கணக்கில் ஜெயித்தார். ஆனால் அந்த வழக்கில் இரு தரப்பும் முன்கூட்டியே சில உண்மைகளை ஒப்புக்கொண்டிருந்தன. அவர் எல்லா விதமான மனிதர்களுக்கும் வேலை செய்யத் தயார், ஒவ்வொரு தளமும் அவருடைய சொந்தப் படைப்பு, அது ஒரு கருத்தை வெளிப்படுத்துகிறது என்பவை அவற்றில் சில. உங்கள் விஷயத்தில் யாரும் எதையும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை, நீங்கள்தான் ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டும். சாப்பாடு, நாற்காலி, பந்தல் துணி, சீரியல் லைட் இவையெல்லாம் பேச்சு என்று எந்த நீதிமன்றத்தையும் நம்பவைப்பது கடினம். பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி அச்சடிக்கும் ரெடிமேட் அழைப்பிதழும் ஏறக்குறைய அப்படித்தான். இணையருக்கென்று புதிதாகக் கவிதை எழுதித் தரச் சொன்னால் மட்டும் வாதத்துக்கு இடம் இருக்கிறது.

உங்கள் கணவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று: இதே வாசகத்தை யார் வந்து கேட்டாலும் எழுத மறுப்பேனா? ஆம் என்றால் அது செய்தியை மறுப்பது. கேட்கிற ஆளைப் பார்த்துப் பதில் மாறுமானால் அது ஆளை மறுப்பது. அதை எந்தத் தீர்ப்பும் அனுமதிக்கவில்லை. மூன்று சேவைகளையும் ஒரே பேக்கேஜாக விற்கிறீர்கள் என்றால், அதைப் பிரித்துத் தனித்தனி விலை போட்டு வையுங்கள். ஒரு வரியில் தகராறு வந்தாலும் முழு ஆர்டரும் அதில் மாட்டிக்கொள்ளாது.

தன்பாலின இணையருக்குக் கல்யாண கேக் செய்ய மறுத்த கடைக்காரர் ஜெயித்தாரே என்றும் அவர் கேட்பார். கொலராடோவின் மாஸ்டர்பீஸ் கேக்‌ஷாப் வழக்கில் 2018-ல் 7-க்கு 2 என்று தீர்ப்பு வந்தது, சரிதான். ஆனால் மாநில ஆணையம் அந்தக் கடைக்காரரின் மதத்தை இழிவாக நடத்தியது என்பதுதான் அதன் காரணம், மறுக்கும் உரிமை பொதுவாக உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. மறுபக்கம் பாருங்கள். நியூ மெக்சிகோவில் கல்யாண ஃபோட்டோ எடுக்க மறுத்த ஸ்டுடியோ 2013-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. வாஷிங்டன் மாநிலத்தின் பூக்கடை வழக்கு 2013-ல் தொடங்கி, 2021-ல் கடைக்காரர் 5,000 டாலர் கொடுத்து முடிந்தது. தொகை சின்னது, போன வருடங்கள் எட்டு. உங்கள் மாநிலத்திலேயே, ஓஷன் குரோவ் கடற்கரையில் ஒரு மெதடிஸ்ட் அமைப்பு பொதுவில் வாடகைக்கு விட்டுவந்த மண்டபத்தை ஒரு பெண் இணையரின் விழாவுக்குத் தர மறுத்தது. மத அமைப்பாக இருந்தும் அது சட்டமீறல் என்றே 2012-ல் முடிவானது. 2022-ல் வந்த மத்தியத் திருமண மதிப்புச் சட்டம் தரும் விலக்கும் லாபநோக்கற்ற மத அமைப்புகளுக்கு மட்டும்தான், உங்களைப் போன்ற வியாபாரத்துக்கு இல்லை.

மத நம்பிக்கையைக் காரணம் காட்டி வாடிக்கையாளரைத் தள்ளி நிறுத்துவது புதிய வாதமும் அல்ல. தென் கரோலினாவில் கறுப்பினத்தவருக்கு உள்ளே இடம் தர மறுத்த பார்பெக்யூ கடைக்காரர் இதையே சொன்னார். 1968-ல் உச்ச நீதிமன்றம் அதை ஒரு பொருட்டாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இதைக் கணவரிடம் சொல்லும்போது குத்திக்காட்டுவதுபோல் சொல்லாதீர்கள். தோல் நிறத்தால் ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று இந்த நாட்டில் அவருக்கும் தெரிந்திருக்கும்.

இனி பெர்மிட். இதில் சட்டம் அழுத்தமாக உங்கள் கணவர் பக்கம் நிற்கிறது. 2012-ல் சிக்கன் சாண்ட்விச் உணவகத் தொடரான சிக்-ஃபில்-ஏ நிறுவனத்தின் தலைவர் டான் கேத்தி தன்பாலினத் திருமணத்துக்கு எதிராகப் பேசினார். பாஸ்டன் மேயர் மெனினோ, எங்கள் ஊரில் உங்களுக்கு இடமில்லை என்று கடிதம் எழுதினார். சிகாகோ நகர மன்ற உறுப்பினர் ஒருவர் தன் வட்டத்தில் பெர்மிட்டைத் தடுப்பேன் என்றார். அப்போது, கருத்துக்காகப் பெர்மிட்டை மறுப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று கடைக்காரருக்காகப் பேசியது யார் தெரியுமா? தன்பாலினத் திருமணத்துக்காகவே போராடிவந்த ஏ.சி.எல்.யூ. என்ற குடிமை உரிமை அமைப்பின் இல்லினாய் கிளை. பெர்மிட்டைத் தடுக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று மெனினோவும் பிறகு ஒப்புக்கொண்டார். 2024-ல், துப்பாக்கி உரிமை அமைப்பான என்.ஆர்.ஏ. நியூயார்க் அரசு அதிகாரி வுல்லோமீது போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, ஒருவரின் கருத்துக்காக அதிகாரத்தைக் காட்டி மறைமுகமாக நெருக்கவும் கூடாது என்றது.

ஆனால் உரிமை இருப்பது வேறு, அதை நிரூபிப்பது வேறு. விண்ணப்பத்தில் ஒரு வரைபடமோ பார்க்கிங் கணக்கோ தீயணைப்புத் துறைச் சான்றோ குறைந்தால், மறுப்பதற்கு நியாயமான காரணத்தை நீங்களே கையில் கொடுத்ததாகிவிடும். பிறகு உள்நோக்கத்தைக் காட்டுவது பெரும்பாடு. எல்லாத் தாளையும் முழுமையாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதி போட்ட ரசீது வாங்குங்கள். அந்த உறுப்பினர் எங்கே, எப்போது, என்ன சொன்னார் என்பதைக் குறித்து, பதிவு இருந்தால் பிரதி எடுத்து வையுங்கள். மறுத்தாலோ தாமதித்தாலோ எழுத்தில் காரணம் கேளுங்கள். பொதுப் பதிவேடுகள் சட்டத்தின்கீழ் அவருடைய அலுவல் மின்னஞ்சல்களையும் கேட்டு விண்ணப்பிக்கலாம். நகரத்தின் முடிவை எதிர்த்து மாநில நீதிமன்றம் போகப் பொதுவாக 45 நாள்தான் அவகாசம், அதைத் தவறவிடாதீர்கள்.

ரத்தான மூன்று ஆர்டர்களை விட்டுவிடுங்கள். புறக்கணிப்பும் ஒரு பேச்சுதான், 1982-லேயே உச்ச நீதிமன்றம் அதற்குக் காப்பு கொடுத்துவிட்டது. சிக்-ஃபில்-ஏவைப் புறக்கணித்தவர்களுக்கும், 2012 ஆகஸ்ட் 1 அன்று ஆதரவு காட்ட அதே கடை வாசலில் வரிசையில் நின்றவர்களுக்கும் ஒரே உரிமைதான். தன்பாலினத் திருமணத்தை ஆதரித்த ஸ்டார்பக்ஸையும் அதே வருடம் எதிர்த்தரப்பு புறக்கணித்தது. அட்வான்ஸ் விஷயத்தில் ஒப்பந்தத்தில் உள்ளபடி நடங்கள். கோபத்தில் அவதூறு வழக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். பொது விஷயத்தில் பேசுகிறவர்களை வழக்கால் அடக்குவதற்கு எதிரான சட்டம் 2023 அக்டோபரிலிருந்து நியூ ஜெர்சியில் நடப்பில் இருக்கிறது. வழக்கு ஆரம்பத்திலேயே தள்ளுபடியானால் அவர்கள் வழக்கறிஞர் செலவும் உங்கள் தலையில்தான்.

டிசைனரை அனுப்பவே அனுப்பாதீர்கள். தனியார் வேலையில், கருத்துச் சுதந்திரம் தரும் அரசியல் சாசன முதல் திருத்தம் ஊழியரைக் காப்பதில்லை, உண்மைதான். ஆனால் பாகுபாட்டை எதிர்த்துப் பேசியவரைப் பழிவாங்குவதை மாநிலச் சட்டம் தடுக்கிறது. அந்த இரண்டு பெண்களின் ஃபோன் வந்த அதே சமயத்தில் இவரை நீக்கினால், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது எந்த வழக்கறிஞருக்கும் கை வந்த கலை. பாலியல் நாட்டத்துக்காக நீக்குவது 2020-ன் பாஸ்டாக் தீர்ப்புக்குப் பின் மத்தியச் சட்டப்படியும் சட்டமீறல். 15 பேருக்கு மேல் வைத்திருக்கும் உங்களுக்கு அது பொருந்தும். இனிமேல் யாரை எதற்காக நீக்கினாலும் இந்தப் பேட்டி நீதிமன்றத்தில் வாசிக்கப்படும். ஆகவே வேலைக் குறைபாடுகளை அப்போதைக்கப்போது தேதியோடு எழுதி வைக்கும் பழக்கம் வேண்டும். தன் நம்பிக்கையை விளக்குகிறேன் என்று எல்லோரையும் கட்டாயமாகக் கூட்டம் கூட்டவும் கூடாது. மத, அரசியல் கருத்தைச் சொல்லக் கட்டாயக் கூட்டம் வைப்பதை நியூ ஜெர்சி 2006-லேயே தடுத்துவிட்டது. மத நம்பிக்கையால் அந்த வரவேற்பில் வேலை செய்யத் தயங்கும் ஊழியர் யாராவது இருந்தால், அமைதியாக வேறு ஆளை மாற்றி விடுங்கள். வாடிக்கையாளருக்கு அது தெரியவே வேண்டியதில்லை.

கணவரிடம் கருத்தை மாற்றிக்கொள்ளச் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் கடையின் பெயர், லோகோ, கடைச் சீருடை இவற்றோடு அவர் அதைப் பேசக் கூடாது. நன்கொடை கொடுப்பதானால் கடைக் கணக்கிலிருந்து வேண்டாம். சொந்தப் பணத்தில் கொடுத்தாலும் விளைவு வராது என்று சொல்ல முடியாது: 2008-ல் கலிஃபோர்னியாவில் தன்பாலினத் திருமணத் தடைக்கு 1,000 டாலர் கொடுத்ததற்காக எழுந்த எதிர்ப்பில், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மொசில்லாவின் தலைமைப் பொறுப்பை பிரெண்டன் ஐக் 2014-ல் சில நாட்களிலேயே விட வேண்டியிருந்தது. கேத்தி கருத்தைச் சொன்னபோதுகூட, எல்லா வாடிக்கையாளரையும் மரியாதையோடு நடத்துவோம் என்று அவர் நிறுவனம் உடனே அறிவித்தது. நீங்களும் கடை பெயரில் இரண்டே வரி வெளியிடுங்கள்: "பேட்டியில் வந்தது உரிமையாளர்களில் ஒருவரின் சொந்தக் கருத்து. எங்கள் கடையில் எல்லா இணையருக்கும் ஒரே விலை, ஒரே தரம், ஒரே மரியாதை." விளக்கம், மேற்கோள், வருத்தம் எதுவும் சேர்க்காதீர்கள். அவர் வருந்தவில்லை, பொய்யாக வருந்தினால் இரு பக்கமும் நம்பிக்கை போய்விடும்.

கடைசியாக உங்களைப் பற்றி. நீங்கள் பாதிப் பங்குதாரர். அவருக்கு இருக்கிற அதே கருத்துச் சுதந்திரம் உங்களுக்கும் இருக்கிறது. அவரோடு உடன்பாடில்லை என்று வெளியில் சொல்வது அவரை விட்டுக்கொடுப்பதாகாது. அந்த இரண்டு வரி அறிக்கையில் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். கடை சார்பில் யார் பேசலாம், யார் சம்மதத்தோடு பேசலாம் என்று கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து சேர்த்து இருவரும் கையெழுத்திடுங்கள். வேலைவாய்ப்புச் சட்டம் தெரிந்த உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரே அதையும் பெர்மிட் தாள்களையும் ஒரே தடவையில் பார்த்துக் கொடுத்துவிடுவார். அந்தப் பெண்களை அழைக்கும் வேலையை மட்டும் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள், முடிந்தால் நீங்களே பேசுங்கள்.