மாதச் செலவுக் கணக்கு வைக்க எந்த ஆப் நல்லது? எக்செல்லே போதுமா?

சம்பளம் வந்து 20 தேதிக்குள் காலியாகிறது, எந்த ஆப் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை வீடு, ஒரு சம்பளக் கணக்கு, ஒரு கிரெடிட் கார்டு, மற்றதெல்லாம் யூபிஐ என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். எக்செல் போன்ற கூகுள் ஷீட்டும், அதில் செலவைப் பதிய அதோடு இணைந்த ஒரு கூகுள் ஃபார்மும் போதும்.

எஸ்எம்எஸ் படித்துத் தானே கணக்குப் போடும் ஆப்கள் வசதிதானே என்று சிலர் வருவார்கள். வசதிதான், ஆனால் கணக்கு டேலி ஆகாது. கார்டில் 3,000 ரூபாய்க்குத் துணி எடுத்தால் அது ஒரு செலவு. அடுத்த மாதம் அந்த பில்லைக் கட்டினால் பல ஆப்கள் அதையும் செலவாக ஏற்றி 6,000 ஆக்கிவிடும். சின்னத் தொகைகளுக்கான யூபிஐ லைட் வாலட்டில் 2,000 ஏற்றினால் பாஸ்புக்கில் அந்த ஒரு வரிதான் இருக்கும். டீக்கடை, காய்கறி, ஆட்டோ எதுவும் தனித்தனியாக வராது. வந்தாலும் பல நேரம் கடை பெயருக்குப் பதில் கடைக்காரர் பெயர்தான் இருக்கும். அது மளிகையா மருந்தா என்று ஆப்புக்கு எப்படித் தெரியும்? அமெரிக்காவில் ஏராளமானோர் நம்பியிருந்த மின்ட் என்ற செலவுக் கணக்கு ஆப்பை 2024 மார்ச்சில் மூடியே விட்டார்கள். ஷீட் என்றால் எக்செல் கோப்பாக இறக்கி நம்மிடமே வைத்துக்கொள்ளலாம்.

ஃபார்மில் மூன்று கேள்வி போதும்: தொகை, தலைப்பு, எதில் கட்டினீர்கள். தொகைக்கு 'எண் மட்டும்' என்ற கட்டுப்பாட்டைக் கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் அவசரத்தில் '250ரூ' என்று அடிப்பீர்கள், ஷீட் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு கூட்டலில் சேர்க்காது. தலைப்பைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். பத்துக்கு மேல் வேண்டாம். ஃபார்மின் லிங்கை போனின் முகப்புத் திரையில் வைத்துவிட்டால், கடையில் பணம் அனுப்பிய கையோடு பத்து விநாடியில் பதிந்துவிடலாம். இரவு உட்கார்ந்து எழுதலாம் என்று தள்ளினால் சின்னச் செலவுகள்தான் முதலில் மறந்துபோகும்.

ஷீட்டின் செட்டிங்ஸில் நாட்டை இந்தியா என்று மாற்றுங்கள். அமெரிக்கா என்றிருந்தால் ஜூன் 5 என்று நினைத்து நீங்கள் கையால் அடிக்கும் 5/6, மே 6 ஆகிவிடும். மாதக் கூட்டலுக்கு, நிபந்தனைக்குப் பொருந்தும் தொகைகளை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸ் (SUMIFS) ஃபார்முலா. இதில் எல்லோரும் இடறும் இடம் ஒன்று உண்டு. '31 தேதி வரை' என்று நிபந்தனை கொடுத்தால் 31 அன்று செய்த செலவு முழுக்க விடுபடும். ஃபார்ம் நேரத்தையும் சேர்த்துப் பதிகிறது. ஷீட்டுக்கு 31 என்றால் அந்த நாள் பிறக்கும் நள்ளிரவு 12 மணி. 'அடுத்த மாதம் 1 தேதிக்கு முன்' என்று கொடுங்கள்.

கார்டு செலவைத் தேய்க்கும் அன்றே பதியுங்கள். பில் கட்டும்போது 'கார்டு பில்' என்ற தலைப்பில் போட்டு, செலவுக் கூட்டலில் அதை மட்டும் விலக்குங்கள். வங்கி இருப்பைச் சரிபார்க்க அந்த வரி வேண்டும். ஞாயிறுதோறும் வங்கி இருப்பும் ஷீட் காட்டும் இருப்பும் (மாத ஆரம்ப இருப்போடு சம்பளத்தைக் கூட்டி, வங்கியிலிருந்து போனதைக் கழித்தது) ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வித்தியாசம் நூறு இருநூறு என்றால் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாமல் 'சில்லறை' என்று எழுதி நேர் செய்யுங்கள். ஆயிரத்தைத் தாண்டினால் கட்டாயம் தேடுங்கள், பெரும்பாலும் ஏதோ ஒரு ஆட்டோ டெபிட் இருக்கும்.

அவசியத்துக்கு 50, ஆசைக்கு 30, சேமிப்புக்கு 20 சதவீதம் என்ற 50-30-20 விகிதத்தை யாராவது நீட்டுவார்கள். சென்னையில் 30,000 சம்பளத்தில் 12,000 வாடகை கொடுப்பவரிடம், அவசியச் செலவை 50 சதவீதத்தில் நிறுத்து என்றால் மளிகைக்கு எங்கே போவார்? இதில் கரண்ட் பில் வேறு. தமிழ்நாடு மின்வாரியம் இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசமாகத் தருகிறது. ஆனால் பல வீட்டு உரிமையாளர்கள் சப் மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே எட்டு, பத்து ரூபாய் வாங்குகிறார்கள். குடியிருப்பவருக்குச் சேர வேண்டிய சலுகை இது. கேட்டால் வீட்டைக் காலி பண்ணு என்பார்கள் என்ற பயத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. எழுத வந்தது இதுவல்ல, ஆனாலும் பட்ஜெட் போடும்போதெல்லாம் இந்த வரி உறுத்துகிறது.

20 தேதிக்குள் காலியாவதற்கு டீக்காசு மட்டும் காரணமாக இருக்காது. வருடத்துக்கு ஒருமுறை வருவதைத் தனியாக எழுதுங்கள்: ஸ்கூல் ஃபீஸ் 40,000, எல்ஐசி 22,000, தீபாவளி 20,000, பைக் இன்சூரன்ஸ் 2,000 என்றால் மொத்தம் 84,000, மாதம் 7,000. இந்த 7,000 உங்கள் பட்ஜெட்டில் இல்லாததால்தான் கார்டு உள்ளே வருகிறது. ஒவ்வொன்றுக்கும் வங்கியில் தனி ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட்டு, செலவுக்கு ஒரு மாதம் முன்பே முதிரும்படி தேதி வையுங்கள். முதல் வருடம் மட்டும் இந்த வகுத்தல் பொருந்தாது. தீபாவளிக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது என்றால் 20,000-ஐ ஐந்தால்தான் வகுத்து, ஆர்டி இல்லாமல் தனியாக எடுத்து வைக்க வேண்டும், மாதம் 4,000. அது முடியாவிட்டால் இந்த வருடம் தீபாவளித் தொகையைக் குறையுங்கள், ஸ்கூல் ஃபீஸ் ஆர்டியில் கை வைக்காதீர்கள்.