மடக்குக் கதிரை மதிப்புக் குறைந்ததா?

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தில் நாற்பது இரும்பு மடக்குக் கதிரைகள் இருக்கின்றன. 1911இல் ஓர் அமெரிக்கர் அவசரத் தேவைக்கென்று கண்டுபிடித்த இவை மதிப்பான சபைக்கு ஏற்றவையல்ல என்றும், பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு பிளாஸ்ரிக் கதிரைகள் வாங்கலாம் என்றும் நிர்வாகத்தில் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதானே?
— ஒரு வாசகர், கொக்குவில்

பதில்: சரியல்ல. 1911இல் வர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பர்க் நகரைச் சேர்ந்த நதானியேல் அலெக்சாண்டர் காப்புரிமை பெற்றது உண்மை. ஆனால் அது, தேவாலயங்களிலும் பாடசாலைகளிலும் பின்வரிசையில் இருப்பவர் புத்தகம் வைப்பதற்கு முதுகுப்புறத்தில் ஒரு தாங்கி பொருத்திய மடக்குக் கதிரைக்கு வழங்கப்பட்டது. மடக்கும் இருக்கையோ அவருக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது. டென்மார்க்கின் குல்ட்ஹோய் புதைமேட்டில் 1891இல் கிடைத்த, நீர்நாய்த் தோல் கட்டிய மர இருக்கை ஏறத்தாழ 3400 ஆண்டுகள் பழையது.

மதிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். 1922இல் திறக்கப்பட்ட எகிப்திய மன்னர் துட்டன்காமனின் கல்லறையில், குறுக்குக் கால்கள் கொண்ட மடக்கு இருக்கையின் வடிவிலேயே செய்யப்பட்டிருந்தும் மடக்க முடியாத ஆசனம் ஒன்று இருந்தது. கருங்காலி மரத்தில் தந்தம் இழைத்து, விலங்குத் தோலின் புள்ளிகளைக்கூட அதில் காட்டியிருந்தார்கள். மடக்கும் பயன் போன பின்னும் அந்த வடிவத்தை விட மனம் வரவில்லை என்றால், அது எவ்வளவு உயர்ந்த இருக்கையாக இருந்திருக்க வேண்டும்! உரோமிலும் கொன்சல் போன்ற உயர் பதவியினருக்கே குறுக்குக் கால் மடக்கு ஆசனத்தில் அமரும் உரிமை இருந்தது.

நம்மிடம் கதிரை என்ற சொல்லே போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. பாயிலும் திண்ணையிலும் இருந்து பழகிய ஊரில், யாருக்குக் கதிரை போடுவது, யாரை நிற்க விடுவது என்பது நெடுங்காலம் ஒரு கணக்காகவே இருந்தது. ஊருக்குப் பொதுவான நாற்பது கதிரைகள் ஒரே உயரத்தில் விரிக்கப்பட்டபோது அந்தக் கணக்குக்கு இடமில்லாமற் போனது. அண்மையில் ஒரு செத்தவீட்டில், லாண்ட்மாஸ்டர் பெட்டியிலிருந்து இரண்டு இளைஞர்கள் கைக்கு இரண்டாகக் கதிரைகளை இறக்கி, கால்மணி நேரத்துக்குள் முற்றத்தை நிரப்பியதைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் முதுகிலும் நிலையத்தின் பெயர் வெள்ளை வர்ணத்தில் இருந்தது. அதைவிட மதிப்பான சபையை நான் அறியேன்.

பிளாஸ்ரிக் கதிரை பாரமற்றது, துருப்பிடிக்காது. கைப்பிடியுள்ளது முதியோர் ஊன்றி எழும்ப நல்லது. ஆகவே பத்து வாங்குங்கள். ஆனால் நம் வெயிலில் கிடந்தால் அது நொய்ந்து, ஒருநாள் கால் பிளக்கும். பிளந்ததை ஒட்டவும் முடியாது. இரும்புக் கதிரை பழுதாவது பெரும்பாலும் இரண்டே இடங்களில்: கால்கள் குறுக்கிடும் இடத்து ஆணித்துளை தேய்ந்து கதிரை ஆடும், பாதத்து ரப்பர் மூடி கழன்றால் சீமெந்துத் தரையில் உராய்ந்து, ஈரம் ஏறித் துருப்பிடிக்கும். இரண்டையும் ஊரிலுள்ள வெல்டிங் பட்டறையிலேயே திருத்தலாம்.

நாற்பதையும் முற்றத்தில் விரித்து, ஒவ்வொன்றிலும் ஒருவரை இருத்திப் பாருங்கள். ஆடுபவற்றைப் பட்டறைக்கு அனுப்புங்கள். மற்றவற்றுக்குத் துரு சுரண்டி வர்ணம் பூசி, புதிய மூடி போடுங்கள். விரித்து மடக்கும் வேலையைச் சிறுவர்களிடம் விடவேண்டாம், விரல் நசியும்.