பொதுச்சுவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குன்னூரில் ஒரு வரிசை வீடு விலைக்கு வந்திருக்கிறது. நான்கு வீடுகள் ஒட்டி நிற்பதில் இரண்டாவது. கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டி, சுண்ணாம்பு பூசிய சுவர். தகரக் கூரை. ஓய்வு பெற்றதும் குடும்பத்தோடு அங்கே போய்விட ஆசை. உள்சுவரில் இடுப்பளவு ஈரம் ஏறியிருக்கிறது. கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, பட்டி பார்த்தால் சரியாகிவிடும் என்கிறார் தரகர். மே மாதம் போய்ப் பார்த்தோம், மனைவிக்கும் பிடித்துவிட்டது. வாங்கலாமா?

கு., திருப்பூர்

அன்புள்ள கு.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் என் வீட்டுச் சுவரைத்தான் சுரண்டிக்கொண்டிருந்தேன். நகக்கண்ணில் இன்னும் வெள்ளை உப்பு இருக்கிறது.

மே மாதத்தில் குன்னூரில் எந்த வீடுதான் பிடிக்காது? ஐப்பசி, கார்த்திகையில் போயிருக்க வேண்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தை ஆட்டிப்படைப்பது வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்ததும் அந்த மழையில்தான். பின்மேட்டுத் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று குடை பிடித்து நின்று பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

மூலப்பத்திரம், வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார். தகரத்தை மாற்றிக்கொள்ளலாம். சிமெண்ட் என்ற சொல்லைப் படித்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது.

எங்களுடையதும் வரிசை வீடுதான். நான் சம்பாதிக்கத் தொடங்கிய புதிதில், சுண்ணாம்பே போதும் என்று அப்பா சொன்னதைக் கேட்காமல், உள்ளே நாலடி உயரத்துக்கு சிமெண்ட் பூசவைத்தேன். முதல் மழைக்குச் சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. அப்பாவிடம் அதைக் காட்டிப் பெருமை வேறு பட்டுக்கொண்டேன். அடுத்த மழையில் சிமெண்ட் முடிந்த கோட்டுக்கு மேலே ஈரம் வந்தது. அதே கார்த்திகையில் பக்கத்து வீட்டு அத்தை வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அரிசி மூட்டை சாய்த்திருந்த இடத்தில் காரை உப்பி நின்றது. விரல் வைத்ததும் அப்பளமாக உடைந்தது. மூட்டையின் அடி கறுத்திருந்தது. “உங்க வீட்டு ஈரத்தை எங்க வீட்டுக்கு அனுப்பிட்டியே தம்பி” என்றார், சிரித்துக்கொண்டேதான்.

மண்சாந்துக் கல்சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் உண்டு, ஏறிய ஈரம் அதன் வழியே காற்றோடு போய்விடும். சிமெண்ட் அந்த வாயை அடைக்கிறது. உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் சும்மா இருக்குமா? மேலே ஏறும், இல்லையென்றால் மறுபக்கம் வழி தேடும். வரிசை வீட்டில் மறுபக்கம் என்பது இன்னொருவருடைய சமையலறை. பட்டி பார்ப்பாராம் பட்டி! தரகருக்கென்ன, அவர் அங்கே படுத்துத் தூங்கப்போவதில்லை.

சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுத் திரும்பச் சுண்ணாம்பு பூசினோம். அதற்குக் கைப்பழக்கமுள்ள கொத்தனாரைத் தேடி அலைந்தது தனிக்கதை. அலமாரிக்குப் பின்னால் ஒரு துண்டு விட்டுப்போயிற்று. அன்று நான் சுரண்டியது அதன் மேல்விளிம்பைத்தான்.

சரி, வாங்கலாமா என்றுதானே கேட்டீர்கள்? வாங்குங்கள். பின்சுவரை ஒட்டி மண் தரைமட்டத்துக்கு மேல் ஏறிக் கிடந்தால், அதை விலக்கி வாய்க்கால் எடுப்பதுதான் முதல் செலவு. அதற்கு முன்னால் கார்த்திகையில் ஒருமுறை போய் முதல் வீட்டையும் மூன்றாவது வீட்டையும் தட்டுங்கள். அவர்கள் பக்கத்துச் சுவரைக் காட்டச் சொல்லுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், கடைவீதியில் கொஞ்சம் வர்க்கி வாங்கிக்கொள்ளுங்கள்.