வாசகர் கேள்வி–பதில்: சிறு விமான நிலையங்களும் உள்ளாட்சித் திட்டங்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பல, சிறு விமான நிலையத்தை மேம்படுத்த உள்ளாட்சி அமைப்பு திட்டமிடும்போது எதை முதலில் செய்ய வேண்டும், மக்கள் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றியே இருந்தன. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்தும் நீளமானவற்றைச் சுருக்கியும் வெளியிடுகிறோம்.

கேள்வி: நாளொன்றுக்கு இரண்டு மூன்று விமானங்களே வந்துபோகும் நிலையத்துக்கு எங்கள் நகர மன்றம் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றை அறிவித்துள்ளது. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே கண்ணாடிச் சுவர்களுடன் புதிய முனையக் கட்டடத்தின் படம் இருக்கிறது. ஓடுபாதையைப் பற்றிய குறிப்போ கடைசிப் பக்கத்தில்தான் வருகிறது. இந்த வரிசை முறைதானா?

பதில்: முறையன்று. முனையக் கட்டடம் திறப்பு விழாவுக்கு ஏற்றதுதான். ஆனால் எந்த விமானம் வரலாம், எது வரக் கூடாது என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கட்டடமன்று. அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் இங்கே இயங்கப்போகும் மிகப் பெரிய விமானம் எது என்ற கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும். மற்ற அளவுகள் பெரும்பாலும் அந்த விடையைத் தொடர்ந்தே வருகின்றன.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 14-ஆம் பின்னிணைப்பு, ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் சேர்ந்த குறியீட்டை வகுத்திருக்கிறது. 1 முதல் 4 வரையான எண், விமானத்துக்குத் தேவைப்படும் ஓடுபாதை நீளத்தைக் குறிக்கும். ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரையான எழுத்து, இறக்கையின் அகலத்தை, அதாவது ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரையான தூரத்தைக் குறிக்கும். சுமார் 70 பேர் பயணிக்கும் ஏ.டி.ஆர். 72 விமானத்தின் இறக்கை அகலம் 27 மீட்டர். ஏர்பஸ் ஏ320-க்கு அது 36 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே இரண்டுமே ‘சி’ என்ற எழுத்துக்குள் அடங்கும். ஆனால் எண் மாறுபடும்: முன்னதற்கு 3, பின்னதற்கு 4. ஓடுபாதையின் அகலம், டாக்ஸிவேக்கும் (ஓடுபாதைக்கும் நிறுத்துதளத்துக்கும் இடையே விமானம் ஊர்ந்து செல்லும் பாதை) ஓடுபாதைக்கும் இடையே விட வேண்டிய தூரம், நிறுத்துதளத்தில் இரு விமானங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஆகிய யாவற்றையும் இந்தக் குறியீட்டை வைத்தே கணக்கிடுகிறார்கள்.

இதற்கு அடுத்தபடியாக வருவது, ஓடுபாதை முடிந்த பிறகும் விமானம் நிற்காமல் ஓடிவிட்டால் அதைத் தாங்குவதற்காக ஒதுக்கப்படும் இறுதிப் பாதுகாப்புப் பகுதி. எண் 3, 4 வகை ஓடுபாதைகளுக்கு இது குறைந்தது 90 மீட்டர் இருந்தாக வேண்டும். பரிந்துரைக்கப்படும் நீளம் 240 மீட்டர். பழைய சிறு நிலையங்கள் பலவற்றில் சாலையோ பள்ளமோ ஓடையோ வேலியை ஒட்டியே இருப்பதால் இந்த நீளத்துக்கு இடமிருக்காது. அங்கே நிலம் கையகப்படுத்துவதோ சாலையை மாற்றுவதோதான் மேம்பாட்டின் முதல் வேலையாக இருக்க வேண்டும். அந்த வேலையை மன்றத்தைத் தவிர வேறு யாராலும் எளிதில் செய்ய முடியாது.

முனையத்தைப் பொறுத்தவரை, ஆண்டுக்கு எத்தனை லட்சம் பயணிகள் என்ற எண்ணை வைத்து அளவைத் தீர்மானிப்பது தவறு. நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருப்பார்கள் என்பதே கணக்கு. எழுபது இருக்கை விமானங்கள் இரண்டு ஒரே நேரத்தில் வந்து திரும்பினால், இறங்குவோரும் ஏறுவோருமாக 280 பேர் வரை சேர்ந்துவிடுவார்கள். அவற்றில் ஒன்று முக்கால் மணி நேரம் தள்ளி வந்தால் தேவை ஏறக்குறைய பாதியாகிவிடும். கால அட்டவணையை மாற்ற விமான நிறுவனத்தை இசையவைப்பது எளிதன்று. ஆயினும் கட்டடத்தை இரு மடங்காக்குவதற்கு முன் ஒரு முறை பேசிப் பார்ப்பதில் செலவொன்றுமில்லை.

கேள்வி: ஒரு விமானத்துக்கு 1,400 மீட்டர் ஓடுபாதை போதும் என்று அதன் உற்பத்தியாளரின் கையேடு சொல்கிறது. ஆனால் மன்றத்தின் ஆலோசகர்கள் 1,900 மீட்டர் வேண்டும் என்கிறார்கள். தேவைக்கு மேல் நிலம் எடுக்கப் பார்க்கிறார்களோ என்று ஐயமாக இருக்கிறது.

பதில்: ஐயம் இயல்பானதுதான்; ஆனால் இந்தக் கணக்கில் சூழ்ச்சி எதுவும் இருக்க வேண்டியதில்லை. கையேட்டில் உள்ள நீளம், கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பநிலையில், சமதளமான ஓடுபாதைக்கு உரியது. உயரமும் வெப்பமும் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. இறக்கை தரும் தூக்குவிசையும் எஞ்சினின் உந்துவிசையும் அதற்கேற்பக் குறைகின்றன. எனவே விமானம் மேலெழும்புவதற்கு முன் நெடுந்தூரம் ஓட வேண்டியிருக்கிறது.

வழக்கமான திருத்தங்கள் மூன்று. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் 7 சதவீதம், அந்த உயரத்துக்குரிய இயல்பு வெப்பநிலைக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 1 சதவீதம், ஓடுபாதையின் சராசரிச் சரிவு ஒவ்வொரு சதவீதத்துக்கும் 10 சதவீதம் என நீளத்தைக் கூட்ட வேண்டும். நிலையம் 300 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம்: 1,400 மீட்டர் 1,498 ஆகிறது. அந்த உயரத்துக்குரிய இயல்பு வெப்பநிலை சுமார் 13 டிகிரி. ஆண்டின் வெப்பமான மாதத்தில் அன்றாட உச்ச வெப்பநிலையின் சராசரி 35 டிகிரி என்றால், வேறுபாடு 22 டிகிரி. அதையும் சேர்த்தால் 1,828 மீட்டர். ஓடுபாதை அரை சதவீதம் சரிந்திருந்தால் இன்னும் 5 சதவீதம் கூடி 1,919 மீட்டரில் வந்து நிற்கிறது. உங்கள் ஆலோசகர்களும் இப்படித்தான் கணக்கிட்டிருக்க வேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்ட உயரம், வெப்பநிலை, சரிவு ஆகிய மூன்று எண்களையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கூட்டிப் பார்க்கப் பொறியியல் படிப்பு தேவையில்லை. எண்கள் பொருந்தவில்லை என்றால் அப்போது ஐயப்படலாம்.

கேள்வி: ஓடுபாதையை நீட்டினால் விமான நிறுவனங்கள் தாமாகவே வந்துவிடும் என்று மன்றக் கூட்டத்தில் உறுதியாகச் சொன்னார்கள். நம்பலாமா?

பதில்: அவ்வளவு உறுதியாக நம்ப இடமில்லை. ஸ்பெயினின் காஸ்டெயோன் விமான நிலையம் 2011 மார்ச் மாதம் திறந்துவைக்கப்பட்டது. அதன் முதல் வணிக விமானம் வந்ததோ 2015 செப்டம்பரில்தான். இடைப்பட்ட நான்கரை ஆண்டுகளும் புத்தம் புதிய ஓடுபாதை பயணிகளைக் காணாமலே கிடந்தது. ஜெர்மனியில் கஸ்ஸல் நகருக்கு அருகே ஹெஸ்ஸன் மாநில அரசும் நகர, மாவட்ட, ஊர் நிர்வாகங்களும் பங்குதாரர்களாகச் சேர்ந்து 2,500 மீட்டர் ஓடுபாதையுடன் அமைத்த நிலையம் 2013 ஏப்ரலில் திறக்கப்பட்டது. மதிப்பீட்டில் சொன்ன பயணிகள் எண்ணிக்கை எட்டப்படாததால், நடத்தும் செலவில் விழுந்த துண்டை அந்தப் பங்குதாரர்களே ஆண்டுதோறும் ஈடுகட்ட வேண்டியிருந்தது. பெரிய நிலையங்கள் சாலை வழியே எளிதில் எட்டும் தொலைவில் இருந்தால், பயணி அங்கே போகவே விரும்புவார்; அங்கேதான் நேரத்துக்கு நேரம் விமானமும் குறைந்த கட்டணமும் கிடைக்கும்.

சிறு நிலையங்கள் பொதுவாகத் தம் செலவைத் தாமே ஈட்டுவதில்லை என்பதை அரசுகளும் ஒப்புக்கொள்கின்றன. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் குறைவான பயணிகள் வரும் நிலையங்களின் முதலீட்டில் 75 சதவீதம் வரை பொதுப் பணத்தில் உதவலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அனுமதித்தது. அமெரிக்காவில் 1982-இல் தொடங்கிய விமான நிலைய மேம்பாட்டுத் திட்டத்தில், சிறு நிலையங்களின் தகுதியுள்ள பணிகளுக்கான செலவில் பெரும்பகுதியை மத்திய அரசே ஏற்கிறது. பதிலுக்கு, அந்த இடத்தைப் பல ஆண்டுகளுக்கு விமான நிலையமாகவே பராமரிக்கும் கடமையை உள்ளூர் நிர்வாகம் ஏற்க வேண்டும். மானியம் வாங்கும் மன்றங்கள் பெரிதும் கவனிக்காமல் விடுவது இந்தக் கடமையைத்தான். கட்டுமானத்துக்குப் பணம் வந்துவிடும். விளக்கு, புல்வெட்டு, தீயணைப்பு ஊழியர் சம்பளம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேற்பரப்புப் பணி ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும். ஆகையால் திட்ட அறிக்கையில் பத்தாண்டு நடத்துசெலவுக் கணக்கு இல்லையென்றால், மன்றம் ஒப்புதல் தராமல் இருப்பதே நல்லது என்பேன்.

கேள்வி: ஓடுபாதையின் முனையிலிருந்து ஒரு கிலோமீட்டரில் எனக்கு மனை இருக்கிறது. ஏழு மாடி கட்ட அனுமதி கேட்டேன். உயரம் மிகுதி என்று மறுத்துவிட்டார்கள். இது நியாயமா?

பதில்: உங்கள் மனை ஓடுபாதையின் நேர்கோட்டில் இருக்குமானால் நியாயமே. கருவி வழிகாட்டுதலுடன் விமானங்கள் இறங்கும் நீளமான ஓடுபாதைகளுக்கு, முனையிலிருந்து 60 மீட்டர் தள்ளித் தொடங்கி, 50 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் உயர்ந்துகொண்டே போகும் ஒரு கற்பனைத் தளம் உண்டு. அதை எந்தக் கட்டடமும் மரமும் கோபுரமும் ஊடுருவக் கூடாது. உங்கள் மனை இருக்கும் தொலைவில் அந்தத் தளத்தின் உயரம், ஓடுபாதை முனையின் மட்டத்திலிருந்து 19 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஏழு மாடியும் தண்ணீர்த் தொட்டியும் இடிதாங்கியும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். மனை தாழ்வான நிலமாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கலாம். அளவிட்டுத் தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பக்கவாட்டில் இருப்போருக்கு விதி வேறு: நிலையத்தைச் சுற்றி சுமார் 4 கிலோமீட்டர் வரை 45 மீட்டர் உயரத்தில் கிடைமட்டமான ஒரு கற்பனைத் தளம் கணக்கில் கொள்ளப்படுகிறது.

இந்த விதியில் உள்ளாட்சி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கட்டடம் அந்தத் தளத்தை 1 மீட்டர் மீறினால், சரிவுக் கணக்குப்படி இறங்குமுனையை, அதாவது இறங்குவதற்கான பகுதி தொடங்கும் இடத்தை, 50 மீட்டர் உள்ளே தள்ள வேண்டிவரும். 4 மீட்டர் மீறினால் 200 மீட்டர். பெரும் பொருட்செலவில் நீட்டிய ஓடுபாதையின் ஒரு துண்டு இறங்குவதற்குப் பயன்படாமல் போய்விடும். ஓடுபாதையை நீட்ட ஒரு கூட்டத்தில் தீர்மானம் போட்டுவிட்டு, அடுத்த கூட்டத்தில் அதன் முனையருகே உயரக் கட்டடத்துக்கு அனுமதி வழங்கும் மன்றம், தன் பணத்தைத் தானே வீணடிக்கிறது. செல்பேசிக் கோபுரங்களையும் கட்டுமானக் கிரேன்களையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிரேன் சில மாதங்களில் போய்விடும் என்பதற்காக விதி விலகிக்கொள்வதில்லை.

கேள்வி: விமான நிலையத் திட்டத்தில் குப்பைக் கிடங்கை இடம் மாற்றுவதையும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டுக்கும் என்ன தொடர்பு?

பதில்: பறவைகள்தாம் தொடர்பு. திறந்த குப்பைக்குக் கூட்டமாக வரும் பருந்தும் காகமும், விமானங்கள் தாழப் பறக்கும் உயரத்திலேயே வட்டமிடுகின்றன. நிலையத்திலிருந்து 13 கிலோமீட்டருக்குள் குப்பைக் கிடங்கு அமைப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பது நெடுநாளைய சர்வதேச வழிகாட்டுதல். 2009 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட விமானமொன்று பறக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே காட்டு வாத்துக் கூட்டத்தில் மோதி, இரு எஞ்சின்களிலும் விசையிழந்து ஹட்சன் ஆற்றில் இறங்க நேர்ந்தது பலருக்கும் நினைவிருக்கும். வேலிக்குள் புல்லின் உயரத்தைக் கட்டுப்படுத்துவதும் நீர் தேங்காமல் பார்ப்பதும் நிலைய நிர்வாகத்தின் பொறுப்பு. வேலிக்கு வெளியே குப்பை, இறைச்சிக் கழிவு, திறந்த சாக்கடை ஆகிய மூன்றும் மன்றத்தின் கையில் இருப்பவை. இவற்றைத் திட்டத்தில் சேர்த்தவர்கள் விவரம் அறிந்தவர்கள்.

கேள்வி: கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத சிறு நிலையத்துக்குப் புதிதாக ஒன்றைக் கட்டியே ஆக வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. ஸ்வீடனின் ஒர்ன்ஷோல்ட்ஸ்விக் நிலையத்தில் 2015 முதல், கேமராக்கள் அனுப்பும் காட்சியைத் திரையில் பார்த்தபடி சுண்ட்ஸ்வாலில் இருந்தே விமானப் போக்குவரத்தை நெறிப்படுத்துகிறார்கள். போக்குவரத்து குறைவாக உள்ள இடங்களுக்கு இம்முறை ஏற்றது. தகவல்தொடர்பு இணைப்பு தடைபடாமல் இருக்க வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை.

தீயணைப்பு ஏற்பாட்டில் மட்டும் இத்தகைய மாற்றுவழி இல்லை. விமானத்தின் நீளத்தையும் உடற்பகுதியின் அகலத்தையும் பொறுத்து, தேவைப்படும் தீயணைப்பு ஏற்பாட்டின் வகை அமைகிறது: ஏ.டி.ஆர். 72-க்கு வகை 5, ஏ320-க்கு வகை 6. ஓடுபாதையின் எந்த முனைக்கும் மூன்று நிமிடங்களுக்குள் முதல் வண்டி போய்ச் சேர்ந்து நுரையைப் பீய்ச்சத் தொடங்க வேண்டும். நகரத் தீயணைப்பு நிலையம் அருகிலேயே இருக்கிறது என்பது இதற்கு ஈடாகாது.

கேள்வி: பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கவிருக்கிறது. இரைச்சலைப் பற்றி மட்டும் பேசினால் போதுமா? வேறு எந்தத் தாள்களைக் கேட்கலாம்?

பதில்: இரைச்சலைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள், ஆனால் ‘இரவில் விமானமே வரக் கூடாது’ என்ற ஒற்றைக் கோரிக்கையோடு நின்றுவிடாதீர்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2001-இல் ஏற்ற அணுகுமுறையில் நான்கு வழிகள் உள்ளன: இரைச்சல் குறைந்த விமானங்கள், நிலப் பயன்பாட்டுத் திட்டம், பறக்கும் முறையில் மாற்றம், இயக்கக் கட்டுப்பாடு. இவற்றில் கட்டுப்பாட்டை முதல் கருவியாகக் கையாளக் கூடாது என்பதே அங்குள்ள நிலைப்பாடு. இரண்டாவது வழி முழுக்க உங்கள் மன்றத்தின் அதிகாரத்துக்குட்பட்டது. இரைச்சல் வரைகோடுகள், அதாவது ஒரே அளவு இரைச்சல் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், குறித்த வரைபடத்தைக் கேளுங்கள். அந்தக் கோடுகளுக்குள் புதிய பள்ளிக்கும் குடியிருப்புக்கும் அனுமதி தரப்படுமா என்று நேரடியாகக் கேளுங்கள்.

மற்ற தாள்களில் முதலாவது காற்றுப் பதிவு. குறுக்காக வீசும் காற்றின் தடையில்லாமல் ஓடுபாதை 95 சதவீத நேரமாவது பயன்பட வேண்டும் என்பது பரிந்துரை. அதற்கு இயன்றவரை ஐந்தாண்டுக்குக் குறையாத பதிவுகள் வேண்டும். ஓராண்டுப் பதிவை வைத்து ஓடுபாதையின் திசையை முடிவு செய்திருந்தால் ஆட்சேபியுங்கள். இரண்டாவது, ஓடுபாதையின் மேற்பரப்பு எவ்வளவு எடையைத் தாங்கும் என்று சொல்லும் தாங்குதிறன் அறிக்கை. உலகெங்கும் வழக்கிலிருந்த பி.சி.என். என்ற பழைய மதிப்பீட்டு முறைக்குப் பதிலாக 2024 நவம்பர் முதல் பி.சி.ஆர். என்ற புதிய முறை வந்துவிட்டது. உங்கள் அறிக்கையில் பழைய எண் மட்டுமே இருந்தால், மேற்பரப்புப் பணிக்கு ஒப்பந்தம் கோருவதற்கு முன் புதிய முறைப்படி கணக்கிட்டுத் தரும்படி கூட்டத்திலேயே எழுத்துமூலம் கேட்டு, அதை நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.