கீழ் வீட்டில் தீ, எங்கள் வீட்டில் புகைக்கரி மட்டும்: இன்சூரன்ஸ் கிளைம் கிடைக்குமா?

கிடைக்கும். உங்கள் வீட்டில் ஒரு திரைச்சீலைகூட எரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தீ அடுத்த வீட்டில் பிடித்ததாக இருந்தாலும், அதன் புகையோ தீயணைப்பு வீரர்கள் அடித்த தண்ணீரோ உங்கள் வீட்டைக் கெடுத்திருந்தால் அது தீயால் வந்த நஷ்டம்தான். அடுப்பில் வைத்த குக்கரை மறந்துபோய், தீயே பிடிக்காமல் வீடெல்லாம் புகை மண்டியிருந்தால் அது வேறு கதை; "தீ எங்கே சார்?" என்று கேட்பார்கள். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஆனால் எரிந்த சோபாவை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், புகை அப்படியில்லை. வந்து பார்ப்பவர் கண்ணுக்கு வீடு கொஞ்சம் அழுக்காக இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்த்து முடிக்கும்வரை எதையும் துடைக்காதீர்கள். சொந்தக்காரர்கள் வாளியும் துணியுமாக வந்து நிற்பார்கள். காபி கொடுத்து உட்கார வையுங்கள். ஈரத்துணி பட்டால் கரி டிஸ்டெம்பருக்குள் இறங்கிவிடும், பிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

சென்னையில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே இன்வெர்ட்டர் பற்றிக்கொண்டது. படிக்கட்டு வழியாகவும் பாத்ரூம் குழாய்கள் போகிற டக்ட் வழியாகவும் புகை மேலே ஏறிவிட்டது. சர்வேயர் வந்தார், ஹாலில் நின்றபடியே சுற்றிப் பார்த்தார், "எரிஞ்சது ஒண்ணும் இல்லையே சார், ஒரு கோட் பெயிண்ட் அடிச்சா சரியாப் போயிடும்" என்றார். என் மனைவி ஒன்றும் பேசாமல் சுவரில் மாட்டியிருந்த முருகன் காலண்டரைக் கழற்றினார். அதற்குப் பின்னால் பளிச்சென்று கிரீம் நிறத்தில் ஒரு சதுரம். அதுவரை சுவரின் நிறம் என்று சர்வேயர் நினைத்துக்கொண்டிருந்தது முழுக்கக் கரி. அவரே செல்போனை எடுத்துப் படம் பிடித்தார். அப்புறம் வெள்ளைப் பஞ்சை எடுத்துக்கொண்டு கதவு நிலையின் மேல்பக்கம், ஃபேன் இறக்கை, ஸ்விட்ச் பெட்டிக்குள் என்று ஒவ்வொன்றாக ஒற்றிக் காட்டினோம். மூடியே இருந்த பீரோவுக்குள் பட்டுப்புடவை மடிப்பில்கூடக் கோடு கோடாக இருந்தது. நீங்களும் இப்படியே செய்யுங்கள். ஒவ்வொன்றையும் தேதியோடு படம் எடுத்து, அன்றே கம்பெனிக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

மின்சாதனங்களில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஒயர் மேலுறை பிவிசி. அது எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? டிவி, லேப்டாப், ஏசி போர்டுகளின் செம்புத் தடங்களை அது மெதுவாக அரிக்கும். இன்று ஓடுகிற டிவி இரண்டு மாதம் கழித்துப் படுத்துவிட்டால் யார் நம்புவார்கள்? எனவே எதையும் ஆன் செய்யாமல், சர்வீஸ் ஆளை வரவழைத்து, புகையால் பாதிப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். ஏசியைப் போட்டு வாடையை விரட்டலாம் என்று நினைக்கவே வேண்டாம், அது கரியை எல்லா அறைக்கும் பரப்பிவிடும்.

சுவருக்குக் கொட்டேஷன் வாங்கும்போது 'பெயிண்டிங்: இவ்வளவு' என்று ஒற்றை வரியில் வாங்காதீர்கள். கரியை உலர்வாக எடுப்பது, கழுவுவது, கறையையும் வாடையையும் அடைக்கும் பிரைமர், பிறகு இரண்டு கோட் எமல்ஷன் என்று பெயின்டரைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பிரைமர் இல்லாமல் அடித்தால் மழைக்காலத்தில் மஞ்சள் திட்டு மேலே வரும், வாடையும் கூடவே வரும். எங்களுக்கு ஒரு கோட்டுக்கு மட்டும் என்று போட்டிருந்த தொகை இந்தப் பட்டியலைக் கொடுத்த பிறகுதான் ஏறியது.

காகிதங்கள் விஷயம்: தீயணைப்பு நிலைய அறிக்கை கீழ் வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும். உங்கள் கதவு எண்ணும் பாதிக்கப்பட்டதாக அதில் வருமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனு பதிவானதற்கான சிஎஸ்ஆர் ரசீதும், அசோசியேஷனிடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். அதே அசோசியேஷன் செயலாளர் "கீழ் வீட்டுக்காரர் மேல் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று சமாதானக் கடிதம் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு கீழ் வீட்டுக்காரரிடம் வசூலிக்கும் உரிமை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உண்டு. அதை நீங்கள் விட்டுக்கொடுத்தால் உங்கள் கிளைமுக்கே ஆபத்து.

பாலிசி 2021 ஏப்ரலுக்குப் பிறகு எடுத்த 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டுக் காப்பீடு என்றால் பரவாயில்லை. கட்டடத்துக்கும் பொருளுக்கும் சேர்த்து எடுத்திருந்தால், பட்டியல் கொடுக்காமலே கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம், வீட்டுப் பொருள்களுக்கு உண்டு. வீடு குடியிருக்க முடியாமல் போனால் மாற்று வீட்டு வாடகையும் உண்டு. நகைக்குத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். பாலிசியே இல்லை என்று நினைப்பவர்கள் வீட்டுக் கடன் காகிதங்களைப் புரட்டிப் பாருங்கள். பல வங்கிகள் கடனோடு ஒன்றைச் சேர்த்தே கொடுத்திருக்கும்.

கீழ் வீட்டுத் தீ காஸ் சிலிண்டரால் வந்ததென்றால் அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீட்டில், பதிவு செய்த முகவரியில் நடந்த பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை கிடைக்கும். ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இது உங்கள் வீட்டுப் பொருளுக்கு வராது.

2024 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ போட்ட சுற்றறிக்கைப்படி சர்வேயரை 24 மணி நேரத்துக்குள் நியமிக்க வேண்டும், அவர் அறிக்கை 15 நாளில், அதன்பின் முடிவு 7 நாளில். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள், எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று அதில்தான் தெரியும். இழுத்தடித்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், 50 லட்சம் வரை விசாரிப்பார்.

கடைசியில் 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற வவுச்சர் வரும். தொகை குறைவு என்று தோன்றினால், எந்தெந்த இனத்தில் ஆட்சேபம் என்பதை முதலில் மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட்டு, பதில் வந்த பிறகு கையெழுத்தைப் பற்றி யோசியுங்கள்.